ஜெயித்த கோஷ்டி எங்கே?

ராஜ்யங்கள் தோன்றுவதும் மறைவதும் சரித்திரத்தில் சகஜம். சோழ சாம்ராஜ்யம் இருந்து மறைந்த மண்ணில் குடியிருக்கும் தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சோழர்கள் கூட நானூறு வருஷம் ஆண்டு பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பாரத தேசத்துக் கால்பந்துக் கோஷ்டிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிச் சாம்பியன் பட்டம் சூடிக்கொண்டு, அதற்கு இரண்டே வருஷத்தில் இருந்த இடம் தெரியாமல் போன தமிழ்நாட்டுக் கோஷ்டி ஒன்று உண்டு. அதன் திருநாமம் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம். நம் வாசகர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்பது சந்தேகந்தான். அது ஜெயித்தபோது இந்தப் பக்கத்தில் யாரும் வெடி வெடிக்கவில்லை. மறைந்தபோது யாரும் தலை முழுகவும் இல்லை.

பட்டுக்கோட்டை மணிக்கூண்டைச் சுற்றி மாலை வேளையில் நடைபெறும் சர்ச்சைகளில் முதல் தாம்பூலம் அரசியலுக்கு. அடுத்தது தேங்காய் விலைக்கு. மூன்றாவது கிரிக்கெட்டுக்கு. கால்பந்துக்கு இவற்றுக்கெல்லாம் கீழேதான் ஆசனம். ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவே தவிர, குரலில் குறைந்தவர்கள் அல்ல. அவர்களில் சிலரை வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். ஒருவர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். கால்பந்து என்றால் அவருக்குக் கல்கத்தாதான். இன்னொருவர் தேங்காய் மண்டி முதலாளி. வரவு செலவுக் கணக்குக்கு அப்பால் உலகத்தில் வேறு சாஸ்திரம் இருப்பதாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. மூன்றாவது, அந்த முதலாளியின் சகோதரி மகன், சென்னையில் உத்தியோகம் பார்க்கும் வாலிபன், 'சென்னையின் எஃப்.சி.' என்னும் கோஷ்டியின் பரம பக்தன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால்கூட அந்தக் கோஷ்டியின் நீலச் சட்டையோடுதான் வருவான். இவர்களோடு அதிராம்பட்டினத்திலிருந்து வியாபார விஷயமாக வந்து போகும் பாய் ஒருவரும் சேர்ந்துகொண்டால், கச்சேரி களை கட்டிவிடும்.

அந்தப் பெயரைப் பற்றியே ஒரு சண்டை உண்டு. "சென்னையின் என்றால் சென்னையின் எது? பின்னால் ஒரு சொல் வர வேண்டாமா? இலக்கணம் தெரியாதவர்கள் வைத்த பெயர்!" என்பார் உபாத்தியாயர்.

"கோப்பைதான் சார்! சென்னையின் கோப்பை!" என்பான் வாலிபன். இரண்டு தடவை கோப்பை வாங்கிய கோஷ்டி ஆயிற்றே, சொல்லட்டும்!

அவன் பெருமைப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2014ஆம் வருஷம் இந்தியன் சூப்பர் லீக் பந்தயம் ஆரம்பமானபோது பிறந்தது சென்னையின் கழகம். மறு வருஷமே, ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த கோஷ்டி, தொடர்ந்து ஜெயித்து அரை இறுதிக்கு ஏறிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் 2015 டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளம் சென்னையை மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரை இறுதியைப் புனாவுக்குப் போய் ஆடினார்கள். டிசம்பர் 20ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். எதிரி கோவாக் கோஷ்டியே. ஆட்டம் முடிகிற தறுவாயில் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த சென்னையின், கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று ஜெயித்தது. வெள்ளத்தில் வீடு வாசல் இழந்த ஜனங்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் அளித்திருக்கும் என்று நாம் அளந்து சொல்ல முடியாது. மறுபடியும் 2018 மார்ச்சில், பெங்களூருக்கே போய்ப் பெங்களூர்க் கோஷ்டியை அதே 3-2 கணக்கில் தோற்கடித்தார்கள்.

இனிமேல்தான் கதையில் சிக்கல்.

அப்போது தேசத்தில் இரண்டு லீக்குகள் இருந்தன. ஒன்று பெரும் பணக்காரர்கள் கட்டணம் செலுத்தி நடத்திய சூப்பர் லீக். மற்றொன்று 2007 முதல் நடந்து வந்த ஐ-லீக். சூப்பர் லீக்கில் கடைசியாக வந்தாலும் யாரும் கீழே தள்ளப்படுவதில்லை. ஐ-லீக்கில் முதலாவதாக வந்தாலும் யாரும் மேலே ஏற்றப்படுவதில்லை. நடுவிலே சுவர். இந்த ஏற்பாட்டின் விசித்திரம் முழுவதும் 2018-19 பருவத்தில் அம்பலமாயிற்று.

அந்தப் பருவம் பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு வேறு காரணத்தினால் மறக்க முடியாதது. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இரண்டு தலைமுறை வளர்த்த தென்னை மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்காயிற்று. பந்து எந்த வலைக்குள் போயிற்று என்று பார்க்க யாருக்கு மனம் இருந்தது? இருந்தாலும் டெலிவிஷன் எரிய வேண்டுமே!

இங்கே நாம் விழுந்த மரத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது, அங்கே நடந்தது இது. இரண்டு முறை கோப்பை வாங்கிய சென்னையின் கழகம் 18 ஆட்டங்களில் இரண்டே இரண்டு ஜெயித்து, 9 புள்ளிகளோடு சூப்பர் லீக்கில் கடைசி ஸ்தானத்துக்குப் போயிற்று. ஐ-லீக்கில் சென்னை சிட்டி கழகமோ 20 ஆட்டங்களில் 43 புள்ளி எடுத்தது. கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் எடுத்தது 42. கடைசி நாளான 2019 மார்ச் 9ஆம் தேதி, கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் மினெர்வா பஞ்சாப் கோஷ்டி முதல் கோலைப் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வேறு ஆடிக்கொண்டிருந்தது. பிற்பாதியில் பெத்ரோ மான்சி ஒரு கோல் திருப்பினார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சி அளித்த அந்தக் கோஷ்டியில் ஸ்பெயின் தேசத்து ஆட்டக்காரர்களோடு நம்முடைய தமிழ்ப் பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள்.

ஜெயித்தவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்ற அனுமதி! தோற்றவனுக்குக் கிடைத்த தண்டனை? அதுவும் அதேதான்.

"இது என்ன தர்மம்?" என்று உபாத்தியாயர் கேட்கிறார். "என் பள்ளிக்கூடத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்தவனை அதே வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, கடைசி மாணவனை 'நீ சம்பளம் அதிகமாகக் கட்டியவன், மேல் வகுப்பிலேயே இரு' என்று நான் சொல்லியிருந்தால், ஊரார் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?"

மண்டி முதலாளி இதற்கு அசைகிறவர் அல்ல. "சார், பள்ளிக்கூடம் வேறு, வியாபாரம் வேறு. தென்னங்கன்று வைத்தால் ஐந்தாறு வருஷம் காய்க்காது. முதல் வருஷம் காய்க்கவில்லை என்று பிடுங்கி எறிந்தால் தோப்பு ஏது? 2019இல் சென்னையினைக் கீழே தள்ளியிருந்தால் போட்ட பணம் அத்தனையும் போயிருக்கும். தள்ளாமல் விட்டதினால்தானே, மறு பருவமே ஓவன் காயில் என்கிற துரை வந்து, கோஷ்டியைத் தூக்கி நிறுத்தி, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார்?" என்கிறார்.

அந்த இறுதி ஆட்டத்தில் கல்கத்தாவின் ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. கொள்ளை நோய் பரவிய சமயம். காலி மைதானத்தில் ஆடினார்கள். ஆனாலும் முதலாளியின் வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. விழுந்தவனுக்கு எழுந்திருக்க அவகாசம் வேண்டும் என்பதும் ஒரு நியாயந்தானே?

மேலும் அவர் ஒரு குத்தல் வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்: "உங்கள் சாம்பியன் பெயரோ சென்னை, குடித்தனமோ கோயம்புத்தூர். பெண் வீட்டாரும் சொந்தம் கொண்டாடவில்லை, பிள்ளை வீட்டாரும் சொந்தம் கொண்டாடவில்லை. அப்படியிருக்க யார் வந்து காப்பாற்றுவார்கள்?"

இந்த வார்த்தையில்தான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சென்னை சிட்டி 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன் பந்தயத்தின் தகுதி ஆட்டத்துக்கு பஹ்ரைன் தேசத்து ரிஃபாவோடு மோதும் அளவுக்கு உயர்ந்தது. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் கழகம் அதில் பங்கு கூட வாங்கியிருந்தது. ஆனால் கோல் மழை பொழிந்த மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். கொள்ளை நோயினால் ஆட்டம் நின்றது; பணமும் நின்றது. 2020-21 பருவத்துக்குப் பிறகு லைசென்ஸ் நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை என்று லீக்கிலிருந்து பெயர் நீங்கியது. மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலால் வீழ்த்த முடியாத கோஷ்டியை ஆபீஸ் காகிதம் வீழ்த்திவிட்டது.

இது சென்னை சிட்டிக்கு மட்டும் நேர்ந்த கதியா? 1996-97இல் தேசிய லீக் முதன்முதலாக நடந்தபோது பட்டம் வென்றது பஞ்சாபின் ஜே.சி.டி. மில் கோஷ்டி, 2011இல் அதைக் கலைத்துவிட்டார்கள். 2005-06இல் ஜெயித்த பம்பாயின் மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. ஐந்து தடவை தேசியப் பட்டம் வென்ற கோவாவின் டெம்போ, 2016இல் லீக்கை விட்டு விலகிச் சில வருஷங்கள் கழித்துத்தான் மீண்டது. முதலாளிக்குச் சலித்தால் கழகமும் சலித்துவிடுகிறது.

அந்த நாளில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருந்தது என்று உபாத்தியாயர் பெருமூச்சு விடுவார். அதே 1996இல் தேசிய லீக்குக்குச் சென்னையிலிருந்து போனது இந்தியன் பாங்க் கோஷ்டி. பந்தும் உதைக்கலாம், பாங்கிலும் உத்தியோகம். கால் ஓய்ந்த பிறகு கையில் பேரேடு இருக்கும். கோஷ்டி போனாலும் குடும்பம் போகாது.

இங்கே ஆஸ்திரேலியாவைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேசத்துக்கும் நமக்கும் கால்பந்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1956ஆம் வருஷம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா, ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிஸௌஸா மூன்று கோல். நாலாவது, கிட்டு என்று செல்லமாக அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி. கடைசியில் இந்தியாவுக்கு நாலாவது ஸ்தானம் கிடைத்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் அதே ஆஸ்திரேலியா நம்மை 2-0 என்று ஜெயித்தபோது, அதைக் கௌரவமான தோல்வி என்று நாமே மெச்சிக்கொண்டோம்!

அது கிடக்கட்டும். அங்கேயும் நம்முடைய சண்டைதான் நடக்கிறது என்பதே விசேஷம். மலாயாவுக்குப் போன நம்மவர்கள் மாரியம்மன் கோயில் கட்டியது போல, ஆஸ்திரேலியாவில் குடியேறிய கிரேக்கர்களும் இத்தாலியர்களும் குரோஷியர்களும் கால்பந்துக் கழகம் கட்டினார்கள். கிரேக்கர்களின் ஸௌத் மெல்போர்ன் கழகம் 1959இல் தோன்றியது. நாலு தடவை தேசியப் பட்டம் வென்று, 2000ஆம் வருஷம் பிரேஸிலில் நடந்த உலகக் கழகப் போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் கூட ஆடியது. ஆனால் 2004இல் பழைய லீக் மூடப்பட்டு, மறு வருஷம் ஏ-லீக் என்ற புது லீக் ஆரம்பமானபோது, அதற்கு இடமில்லை. புதிதாக லைசென்ஸ் பெற்ற கழகங்களே உள்ளே. பழைய கழகங்களில் பெரும்பாலானவை மாகாணப் பந்தயங்களில். அந்தப் புது லீக்கில் 2019இல் அடியெடுத்து வைத்த வெஸ்டர்ன் யுனைடெட், சொந்த மைதானம் கட்டுவதாக வாக்களித்து உரிமை பெற்று, 2022இல் சாம்பியனும் ஆயிற்று. மூன்றே வருஷத்தில், 2025-26 பருவத்துக்குக் களம் இறங்க முடியாமல் பணக் கஷ்டத்தில் ஒதுங்கியது. வாக்களித்த பெரிய மைதானம் எழும்பவே இல்லை.

பூகோளப் படத்தில் நமக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு மகா சமுத்திரம் இருக்கிறது. கதை மட்டும் ஒன்றே!

"அது ஐ-லீக் மாதிரி ஏழைக் கோஷ்டிகளுக்கு வரும் ஆபத்து. எங்கள் லீக் உறுதியான கோட்டை" என்று நம் நீலச் சட்டை வாலிபன் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தான். 2025ஆம் வருஷம் அந்தக் கோட்டையும் ஆட்டம் கண்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் லீக்கை நடத்தி வந்த கம்பெனியும் 2010இல் செய்துகொண்ட 15 வருஷத்து ஒப்பந்தம், அந்த டிசம்பரில் முடிவடைய இருந்தது. புதுப்பிக்கப்படவில்லை. ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் கழகம் தன் காரியங்களை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. லீக்கை ஏலத்துக்கு விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் சர்க்கார் தலையிட்டு, 14 கழகங்களும் ஒன்றோடொன்று ஒரு முறை மட்டும் ஆடுவது என்று 91 ஆட்டங்களாகச் சுருக்கி, 2026 பிப்ரவரி 14ஆம் தேதிதான் பந்து உருண்டது. அந்த ஆறேழு மாதம் வாலிபன் மணிக்கூண்டுப் பக்கம் வரும்போதெல்லாம் வெள்ளைச் சட்டையில் வந்தான். துக்கம் என்று நாங்களாக அர்த்தம் செய்துகொண்டோம். சலவைக்குப் போட்டிருக்கிறது என்று அவன் சாதித்தான்.

சுவரைப் பற்றிய வழக்கு ஓரளவு தீர்ந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். 2023இல் பஞ்சாப் கழகமும் 2024இல் கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீக்கில் ஜெயித்து மேலே ஏறின. சென்னை சிட்டிக்கு நாலு வருஷம் பிந்தி வந்த நியாயம்! செத்த பிறகு ஜாமீன் கிடைத்தது போல.

ஆனால் ஏறுவது இறங்குவது மட்டும் சரியானால் போதாது. கழகம் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. இந்த இடத்தில்தான் நான் உபாத்தியாயர் கட்சி. 1911 ஜூலை 29ஆம் தேதி மோகன் பகான் கோஷ்டியார், ஒருவர் நீங்கலாக எல்லோரும் வெறுங்காலோடு, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்துச் சிப்பாய்களை 2-1 என்று ஜெயித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கினார்கள். அந்தச் செய்தி வங்காளத்தில் மட்டுமா உற்சாகம் ஊட்டியது? அந்தக் கழகம் 1889இல் தோன்றியது. சந்தா கட்டும் அங்கத்தினர்களால் வளர்ந்தது. 2020இல் ஏ.டி.கே.யுடன் இணைந்தபோது பழைய பெயருக்கு முன்னால் அந்த மூன்று எழுத்துக்களும் ஒட்டிக்கொண்டன. ஜனங்கள் மூன்று வருஷம் விடாமல் கூச்சல் போட்டார்கள். 2023இல் லீக் கோப்பையை ஜெயித்த இரவே, அந்த எழுத்துக்களை எடுத்துவிடுவதாக முதலாளி அறிவிக்கும்படி ஆயிற்று. நூறு வருஷத்துப் பாத்தியதை இருந்ததனால் அல்லவா கேட்க முடிந்தது? சென்னை சிட்டி மறைந்தபோது கூச்சல் போட யாருக்குப் பாத்தியதை இருந்தது? ஜெர்மனியில் பெரும்பான்மை வாக்கு அங்கத்தினர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். பணக்காரர் பணம் போடலாம். கழகத்தை மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது.

அதிராம்பட்டினத்துப் பாய் இதுவரைக்கும் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். கோடைக் காலத்தில் அவருடைய ஊரில் நடக்கும் கால்பந்துத் தொடர் போட்டிகளைப் பார்க்காதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. வெளியூர்க் கோஷ்டிகள் வரும். மைதானத்தைச் சுற்றி ஜனங்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். "எங்கள் ஊர்ப் பந்தயத்துக்கு முதலாளி யாரும் இல்லை, அண்ணே. அதனால் மூடவும் ஆள் இல்லை" என்று அவர் ஒரே வார்த்தையில் அடித்துவிடுவார்.

"அது சரி பாய், அங்கே ஆடுகிற பையனுக்குக் கால் ஒடிந்தால் வைத்தியச் செலவு யார் கொடுப்பது?" என்று மண்டி முதலாளி கேட்டபோது மட்டும், அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஊரில் வசூல் செய்வோம்" என்றார் பிறகு. கெட்டியான விதைதான், ஆனால் நாற்றங்காலோடு நின்றுவிடுகிறது. நடவு வேறெங்கோ நடக்க வேண்டியிருக்கிறது.

அந்த 'வேறெங்கோ' எது என்பதுதான் எனக்குக் கவலை. நந்தகுமார் சேகர் என்ற தமிழ்ப் பிள்ளை 2017இல் சென்னை சிட்டியில் ஆடியவர். 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி டுராண்ட் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்கால் சட்டையோடு மோகன் பகானுக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலினால் பல வருஷத்துத் தோல்வி தீர்ந்து, கல்கத்தாவில் பாதி நகரம் அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. சந்தோஷந்தான். ஆனால் அவர் ஏறிப் போன ஏணி இப்போது இல்லை. வியாசர்பாடியிலிருந்தோ குமரிக் கடற்கரையிலிருந்தோ, ஏன், அதிராம்பட்டினத்திலிருந்தோ அடுத்த பிள்ளை வந்தால் எதில் கால் வைப்பான்?

உபாத்தியாயர் ஒரு யோசனை வைத்திருக்கிறார். பட்டுக்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் ஆளுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய் சந்தா, ஆயிரம் அங்கத்தினர், லக்ஷ ரூபாய், பையன்களுக்குப் பந்தும் பூட்ஸும் ஒரு பயிற்சியாளரும். கால் ஒடிந்தால் வைத்தியத்துக்கென்று தனி நிதி. முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, லக்ஷத்தில் பயிற்சியாளருக்கு மூன்று மாதச் சம்பளம் கூடத் தேறாது, சந்தாவை 300 ஆக்க வேண்டும் என்றார். அவர் ஒப்புக்கொண்டதே ஆச்சரியம். பாய் நூறு பேரைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். வாலிபன் சட்டையின் நிறம் நீலமாக இருந்தால் தானும் சேருவதாகச் சொன்னான்.

பிறகு, பொக்கிஷதார் யார் என்ற கேள்வி எழுந்தது. முதலாளி உபாத்தியாயரைப் பார்த்தார். உபாத்தியாயர் பாயைப் பார்த்தார். பாய் கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அடுத்த சனிக்கிழமை அதைப் பற்றி முடிவு செய்வதாக ஏற்பாடு.